சண்முகக்கனியின் ஆறு தொழில்கள்

மூன்று பக்கம் உப்பளமும் ஒரு பக்கம் கடலுமாகக் கிடக்கிற கீழச்சேர்ப்பில், நடந்ததை "நடந்தது" என்றும் நடக்காததை "நடந்திருக்கும்" என்றும் சொல்வார்கள். இது முதல் வகை. புரட்டாசியில் காய்ச்சல் கண்டு பத்தாம் நாள் செத்துப்போன சண்முகக்கனி, ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருட மெக்கானிக்கல் வகுப்பின் ஜன்னலோர பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளைக் கூட்டிவந்தது ஜெர்வினின் நாக்கு. அந்த நாக்கு சும்மா இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. தங்கதுரை சாரின் மூக்கடைத்த பாடக் குரல், பிரின்சிபால் வாயைத் திறப்பதற்கு முன்னால் இருமுகிற மூன்று இருமல், மாதா கோயில் மைக் பூசைக்கு முன்னால் போடுகிற ஊளை, கேண்டீன் லிங்கம் அண்ணாச்சி "டீ ஒண்ணூ, சீனி கம்மீ" என்று இழுக்கிற இழுப்பு, ஏழாம் நம்பர் பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது வைக்கிற ஒப்பாரி, எல்லாம் அதற்குள் வாடகை கொடுக்காமல் குடியிருந்தன. ஆகவே கடைசி பெஞ்சில் ஜெர்வின் இருக்கிறவரைக்கும் அந்த வகுப்பில் யாருக்கும் லீவு தேவைப்படவில்லை. முந்தின நாள் சொல்லிவைத்தால் போதும், மறுநாள் பெயர் கூப்பிடும்போது அவரவர் குரலில் "எஸ் சார்" விழுந்துவிடும். ஒரு மழை நாளில் தங்கதுரை சார் முப்பத்தெட்டுப் பேருக்கு வருகை போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அறையில் ஏழு பேர் இருந்தார்கள். சார் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு எல்லாரும் ரொம்ப மெலிஞ்சிட்டீங்கடே" என்றார், அவ்வளவுதான்.

காய்ச்சல் வந்த முதல் நாள் கனி அவனுக்குப் போனில் செய்தி அனுப்பியிருந்தாள்: "ஏல, காச்சலு. ரெண்டு நாளு எனக்குக் குடுத்துரு." ஜெர்வின் ரெண்டு நாள் கொடுத்தான், பிறகு அவள் கேட்காமலே எட்டு நாள் கொடுத்தான், சிநேகிதத்துக்கு ஒரு கை கூடுதலாக. தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளைகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற நர்ஸம்மா அந்த வாரம்தான் ஊருக்குள் வந்தார். ஜெர்வினிடம் வருகை கொடுக்கச் சொல்லாமல் காய்ச்சலில் படுத்துக்கிடந்த, கனியின் பெஞ்சுக்காரி வேம்பு வீட்டுக்குப் போனார், ரத்தம் எடுத்தார், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், வேம்பு பிழைத்துக்கொண்டாள். அடுத்த தெருவில் கனி வீட்டுக்கு அவர் போகவில்லை. கனிதான் ஒரு நாள் விடாமல் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாளே. இது ஜெர்வின் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. கனி செத்த நாளிலிருந்து அவன் அதை ராத்திரியும் பகலும் தனக்குள் போட்டுப்பார்த்தான், எப்படிப் போட்டாலும் விடை அவன் நாக்கிலேயே வந்து நின்றது.

அந்தத் திங்கட்கிழமை பட்டியலில் அவள் பெயர் இன்னும் இருந்தது, ஏனென்றால் ஒரு பெயரை அடிப்பதென்றால் சென்னையிலிருந்து உத்தரவு வரவேண்டும். தங்கதுரை சாரின் வாய் யோசிப்பதற்கு முன்னால் "முப்பத்தொண்ணு, சண்முகக்கனி" என்றது. ஜெர்வினின் நாக்கு யோசிப்பதற்கு முன்னால், கடைசியில் லேசாகக் கம்முகிற அவள் குரலில், "எஸ் சார்" என்றது. சாரின் பேனா யோசிப்பதற்கு முன்னால் மையில் ஒரு கோடு போட்டது. மூன்றும் விழித்துக்கொண்டபோது ஜன்னலோர பெஞ்சில் பை வைக்கிற சத்தம் கேட்டது.

வேம்பு நகர்ந்து இடம் விட்டாள். கனி நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். காய்ச்சலுக்குப் போட்ட ஈரத்துணியின் ஈரம் அங்கே அப்படியே இருந்தது, துடைக்கத் துடைக்க ஊறியது.

"நான் எத்தனை நாளுட்டி லீவு?" என்றாள்.

"பத்து நாளுதான். நோட்டு தாரேன், எழுதிக்கோ" என்றாள் வேம்பு.

தங்கதுரை சார் பலகைப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பற்சக்கரத்தின் பதினெட்டாவது பல்லை வரைந்தார்.

பிரின்சிபாலிடம் விஷயம் போனது. அவர் மூன்று முறை இருமிவிட்டு, "மையில போட்டது போட்டதுதான். அடிச்சுத் திருத்துனா பக்கத்துல நான் கையெழுத்துப் போடணும், நான் போடமாட்டேன். பிள்ளை உக்காந்து படிச்சிட்டுப் போவட்டும்" என்றார். லிங்கம் அண்ணாச்சி பதினொரு மணி இடைவேளைக்கு அவளுக்கும் ஒரு டீ வைத்தார். டீ அளவு குறையாமல் அப்படியே இருக்கும், ஆனால் எடுத்துக் குடித்துப் பார்த்தால் இனிப்பு போயிருக்கும், அதனால் மறுநாளிலிருந்து அவள் டம்ளருக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடப் போட்டார். பெயர் கூப்பிட்டு ஜெர்வின் பதில் சொன்ன நிமிஷத்திலிருந்து கடைசி பெல்வரைக்கும் அவள் இருப்பாள். பெல் அடித்தால் பெஞ்சில் ஒரு ஈர வட்டம்தான் இருக்கும். பென்சிலைப் பிடித்து எழுதுவாள், தாளில் கோடு விழாது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் அவள் அம்மா ரஞ்சிதம் வந்தாள். உப்பு வாருகிற கை, கால் வெடிப்பெல்லாம் வெள்ளை. வகுப்புக்கு வெளியே ஜன்னலோரமாக ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"சாப்பிடுதியாட்டி?"

"பசிக்கலம்மா."

"குளிருதா?"

"லேசா."

இவ்வளவு பேசுவதற்கு ரஞ்சிதம் தினமும் அரைச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். தங்கதுரை சார் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பாடத்தைக் கொஞ்சம் சத்தமாக நடத்தினார், வெளியே கேட்கட்டும் என்று.

சங்கதி பரவி, ஊர்க்காரர்கள் ரேஷன் கார்டையும் பழைய வாக்காளர் பட்டியலையும் கல்யாணப் பத்திரிகையையும் தூக்கிக்கொண்டு ஜெர்வின் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். "இந்தா, எங்க வீட்டுக்காரவிய பேரு இருக்கு, நான் வாசிக்கேன், நீ அவிய மாதிரி ஒரு சத்தம் குடு ராசா." அவன் கொடுத்தான். பல்லில்லாத குரல், பீடிக் குரல், சண்டைக்குப் போகிற குரல், எல்லாம் அச்சாக வந்தன, ஆனால் யாரும் வரவில்லை. ஒரு விதவை மட்டும், "வரலேன்னா போவுது, இன்னொருக்கா அந்த இருமலைப் போடு" என்று கேட்டுவிட்டுப் போனாள். தெரிந்து செய்வது பலிக்காது, தெரியாமல் ஒரு முறை தடம் விழுந்திருக்க வேண்டும் என்று ஊர் தனக்குத்தானே முடிவு கட்டிக்கொண்டு உப்பு வாரப் போனது.

கார்த்திகைக் கடைசியில் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. பிரின்சிபால் இருமாமல் கையெழுத்துப் போட்டார். முப்பத்தொன்றாம் நம்பர் சிவப்பு மையில் அடிபட்டது, மறுநாள் பெஞ்ச் காய்ந்து கிடந்தது, ரஞ்சிதம் எண்ணெய் டின்னில் உட்கார்ந்து சாயங்காலம்வரை வெறும் பாடத்தைக் கேட்டுவிட்டுப் போனாள்.

இன்னொரு பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, சிநேகிதன் மகுதூமின் வாப்பா நடத்துகிற ஜெராக்ஸ் கடை மாடியில், கனியோடு சேர்ந்து நாலு பேர் இரண்டு வருஷமாக ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டு. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை நடத்துவான், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக நடப்பார்கள், குகைக்குள் போவார்கள், பூதத்தோடு மல்லுக்கு நிற்பார்கள், வாளை வீசினால் பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதை நடத்துகிறவன் மகுதூம். வேம்பு மந்திரக்காரி. ஜெர்வின், கொக்கு என்கிற பாட்டுக்காரத் திருடன். கனி, செம்பருந்து என்கிற வாள்காரி; ஒன்பதாம் லெவல், அவர்கள் எல்லாரையும்விட உயரம், தன் கையால் பென்சிலில் எழுதிய தாளில் அவளுடைய பலமும் வேகமும் காயமும் எல்லாம் குறித்திருந்தது. மகுதூம் ஒரு நீள நோட்டில் வந்தவர்கள் பெயரைக் கூப்பிட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் கதையைத் தொடங்குவான், அது அவன் வழக்கம்.

உத்தரவு வந்த அடுத்த ஞாயிறு மூவரும் ஆடுவதற்காகக் கூடவில்லை, சும்மாதான் கூடினார்கள். மகுதூம் நோட்டை விரித்து, "செம்பருந்து, ஆட்டக்காரி சண்முகக்கனி" என்று வாசித்தான். ஜெர்வினின் நாக்கு, "வந்துட்டேன்" என்றது. நாலாவது நாற்காலியில் ஈரம் வாசமடித்தது.

"எத்தனை நாளுல ஆச்சு ஆடி?" என்றாள் கனி.

இங்கேதான் சிக்கல். அவர்கள் ஆட்டத்தில் வந்தவருக்கெல்லாம் வந்ததற்கே நூறு பாயிண்ட்; பாயிண்ட் சேரச்சேர லெவல் ஏறும்; பத்தாம் லெவலைத் தொட்ட ஆள் கரையேறிவிட்டதாக அர்த்தம், நோட்டில் பெயர்மேல் கோடு போட்டுவிட்டுப் புது ஆள் எழுதவேண்டும். அன்றைய நூறு போக, கனிக்குப் பத்தாம் லெவலுக்கு இன்னும் நானூறு பாயிண்ட். அதாவது நாலு ஞாயிறு. புதுத் தாள் எழுத அவள் பென்சிலில் கோடு விழாது. ஜெர்வின் அவள் கையெழுத்தை அச்சாகப் போட்டு ஒரு புதுத் தாள் எழுதிப் பார்த்தான், அந்தப் பெயருக்கு யாரும் வரவில்லை.

"பாயிண்டே குடுக்காதல" என்றான் ஜெர்வின்.

"வந்தவுகளுக்கு நூறு" என்றான் மகுதூம். அவன் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. "ஒருக்கா ரூலை மாத்துனா பொறவு எதுவும் நிக்காதுல. அவ வந்து உக்காருததே இந்த ரூலு மேலதான்."

ரூலுக்குள்ளேயே வழி இருந்தது. ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட தொழில் கற்றுக்கொள்ளலாம். வாள்காரி திருட்டும் படிக்கலாம், பூசாரி மந்திரமும் படிக்கலாம். ஆனால் வருகிற பாயிண்டைத் தொழில்களுக்குள் சமமாகப் பங்கு வைக்கவேண்டும். ஜெர்வினின் கொக்கு இரண்டு தொழில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக நாலாம் லெவலைத் தாண்டாததற்குக் காரணம் இதுதான், உயிரோடு இருந்தபோது கனி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது அவன் வகுப்பில் படம் வரைகிற பெரிய தாளை எடுத்து, ஸ்கேலும் கூர்பென்சிலுமாக உட்கார்ந்தான். இரண்டு தொழில் என்றால் வாள் பக்கம் ஐம்பதுதான் சேரும், எட்டு ஞாயிறு. நாலு தொழில் என்றால் பதினாறு. ஆறு என்றால் இருபத்துநாலு, அதற்குள் வைகாசியே வந்துவிடும். பத்தாம் லெவல் என்கிற கரையை அவன் தாளின் வலது ஓரத்துக்குத் தள்ளினான், ஓரம் போதாமல் இன்னொரு தாளை ஒட்டினான்.

எல்லாரும் சிநேகிதத்துக்காகத்தான் இவன் இப்படி உழைக்கிறான் என்று நினைத்தார்கள். அவன் உழைத்தது ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்கு. "கனி, அந்தப் பத்து நாளும் நான்தான் குடுத்தேன்" என்று அவள் முகத்தைப் பார்த்து ஒரு நாள் சொல்லத்தான் வேண்டும். அந்த ஒரு நாள் எப்போதும் அடுத்த ஞாயிறாக இருக்கவேண்டும்.

கீழச்சேர்ப்பு திட்டத்தைக் கையிலெடுத்துக்கொண்டது. ஞாயிறு மத்தியானம் ஜெராக்ஸ் கடை மாடிப்படியில் ஆள் உட்கார இடமிருக்காது. லிங்கம் அண்ணாச்சி, "திருட்டு போடு தம்பி, பூட்டுத் தொறக்கத் தெரிஞ்சவ எங்க வேணும்னாலும் வந்து போலாம்" என்றார். தங்கதுரை சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பங்கு வைக்கும்போது மீதி ஒண்ணு ரெண்டு விழும்டே, அதை மேல ஏத்தாத, கீழ இறக்கிப் போடு" என்று சொல்லிக்கொடுத்தார். ஏழாம் நம்பர் பஸ் கண்டக்டருக்கு அதில் ஓட்டுநர் தொழில் இல்லாதது பெரிய வருத்தம். ரஞ்சிதம் தாளைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத கண்ணால் மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுல வைத்தியம் உண்டாலே?"

"உண்டு, அத்தே. மூலிகை, பச்சிலை எல்லாம்."

"அப்ப அதைப் போடு மக்கா. காச்சலுக்கு என்ன குடுக்கணும்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கட்டும். எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

ஜெர்வின் கனியின் தாளில், அவள் கையெழுத்தில் "வைத்தியம், முதல் லெவல்" என்று எழுதினான். பென்சில் முனை இரண்டு முறை ஒடிந்தது.

மார்கழி முதல் ஞாயிறு இரண்டு தொழில். அடுத்த ஞாயிறே நாலு. தை பிறந்தபோது வாள், திருட்டு, பூசை, வைத்தியம், மந்திரம், பாட்டு என்று ஆறு.

முதலில் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. திருட்டைச் சேர்த்த ஞாயிறு, "வந்துட்டேன்" என்பது ஒரு நாற்காலியிலிருந்தும், "டேன்" என்பது பக்கத்து நாற்காலியிலிருந்தும் கேட்டது. வேம்பு அங்கேயும் ஒரு துண்டை விரித்தாள், நாற்காலி நனையாமல் இருக்க. நாலு தொழிலானபோது மகுதூமின் வாப்பா பந்தல் கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் எடுத்துவந்து போட்டார். ஆறானபோது ஆறு நாற்காலி. வாள்காரியின் நாற்காலியில் தோளும் பையும், திருட்டின் நாற்காலியில் முடி நுனியை முறுக்குகிற விரல்கள், பூசையில் நெற்றியின் ஈரம், வைத்தியத்தில் இருமல், மந்திரத்தில் யாரும் எதுவும் சொல்லாதபோதே வருகிற அவள் சிரிப்பு, பாட்டின் நாற்காலியில் குளிர் மட்டும். மகுதூம் கதையைச் சொல்லிக்கொண்டே ஆறு பக்கமும் மாறி மாறித் திரும்பினான். படியில் இருந்தவர்கள், "இன்னைக்கு அஞ்சாவது நாற்காலி நல்லா ஆடிச்சு" என்று பேசிக்கொண்டு இறங்கினார்கள்.

பங்குனி முதல் ஞாயிறு ரஞ்சிதம் ஊளி மீன் குழம்பும் சோறும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். எந்த நாற்காலிக்கு முன்னால் வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பிறகு ஒவ்வொன்றாகப் போனாள்.

"நான் யாருட்டி?"

திருட்டு சொன்னது, "எந்த வீட்டுக்காரியோ தெரியலயே அக்கா."

பூசை, நல்லா இருங்க என்று வாழ்த்தியது. வைத்தியம் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, ரொம்ப அலையாதீங்க என்றது. மந்திரம் சிரித்தது. பாட்டின் நாற்காலியிலிருந்து குளிர்தான் வந்தது. வாள்காரியின் நாற்காலி மட்டும் வெகுநேரம் கீழே பார்த்துவிட்டு, "அது எங்க வீட்டுத் தூக்கு" என்றது.

ரஞ்சிதம் ஜெர்வினைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. "தூக்கைத் தெரியுது, தூக்கிட்டு வந்தவளைத் தெரியலயே மக்கா" என்றாள். "ஆறு பேரு இருக்காவ. இதுல எம்பிள்ளை எது?"

அவன் தாளைக் காட்டி, இன்னும் ஏழெட்டு ஞாயிறு பாக்கி இருக்கு அத்தே, ஏழாவதா வேட்டைத் தொழிலையும் சேத்தா அதுக்கும் மேல இழுக்கலாம் என்று ஆரம்பித்தான். அப்போது ஆறு நாற்காலியும் பேசின, ஆளுக்கு ஒரு சொல்லாக, இடமிருந்து வலமாக.

"ஏல."

"ஜெர்வினு."

"ரொம்பக்."

"குளிருது."

"அழிச்சிரு."

"எல்லாத்தையும்."

அழிப்பதற்கும் ரூல் இருந்தது. கூடுதல் தொழிலை ரப்பரால் அழித்தால் அதில் கிடக்கிற பாயிண்டெல்லாம் முதல் தொழிலுக்குத் திரும்பிவிடும். ஆறு இடத்தில் சிதறிக் கிடப்பதைக் கூட்டினால் நானூறை எப்போதோ தாண்டியாயிற்று. "கூட்டுறதை நான் அன்னைக்கு ஆட்டம் முடிஞ்ச பொறவுதான் கூட்டுவேன்" என்றான் மகுதூம் மெல்ல. "ரூலே அப்படித்தான். ஒரு முழு மத்தியானம் கிடைக்கும்ல. ஒண்ணே ஒண்ணு."

அந்த வாரம் முழுக்க ஜெர்வின் யாரையும் போலப் பேசவில்லை. பஸ் ரிவர்ஸ் எடுத்தது, பதிலுக்கு ஒப்பாரி வரவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து, "உடம்பு சரியில்லையாடே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் கனியின் தாளை விரித்து ஐந்து தொழிலையும் அழித்தான். கனியின் கையெழுத்தில் தான் எழுதியதையெல்லாம் தேய்த்து எடுத்தபோது, அடியில் அவள் நிஜமாகவே எழுதிய எழுத்து மட்டும் நின்றது. இரண்டும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தான், பக்கத்தில் பார்த்தபோது அவள் எழுத்து அவன் போட்டதைவிடக் கோணலாக இருந்தது.

ஞாயிறு, ஒரு நாற்காலி. படியில் ஊர். மகுதூம் நோட்டை விரித்தான். "செம்பருந்து, ஆட்டக்காரி சண்முகக்கனி."

ஜெர்வின் வாயைத் திறப்பதற்குள், "வந்துட்டேன், வந்துட்டேன், சத்தம் போடாத" என்று ஒரு குரல் கேட்டது. அவன் திடுக்கிட்டான். அது கீழ்ஸ்தாயியில், அவசரமாக, எங்கேயும் கம்மாமல் இருந்தது. எப்போதோ அவளுக்குச் சளி பிடித்திருந்த ஒரு வாரத்தில் அவன் பிடித்துவைத்த குரலைத்தான் இரண்டு வருஷமாக அவள் குரல் என்று எல்லாருக்கும் விற்றுக்கொண்டிருந்தான். இத்தனை மாதமும் வந்து போன கனி பேசியதெல்லாம் அந்தக் கடன்குரலில்தான்.

கனி அம்மாவைப் பார்த்தாள். "எம்மா, ஏன் இப்படி எளைச்சிட்ட? அளத்துல தலையில துணி கட்டாம நிக்கியா?"

ரஞ்சிதம் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியாதபடி.

கதை கடலுக்கு அடியில் ஒரு குகைக்குள் போனது. கடைசிக் கதவுக்கு முன்னால் ஒரு ஆள் மட்டும் போகிற இடுக்கு, இடுக்குக்கு அப்பால் இரும்பு ஓடு போட்ட நண்டு ராசா. நண்டு விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஜெர்வின் அதை விழவிடவில்லை. போகிற வழியில் ஒரு கழுதைக்காரனிடம் அரைமணி நேரம் பேரம் பேசினான், கழுதையாகவும் அவனே பேசினான்; வாயிற்காவலர் பதினொரு பேருக்கும் பதினொரு குரல் கொடுத்தான்; குகை எதிரொலிக்கு பிரின்சிபாலின் இருமலைப் போட்டான். படி முழுக்கச் சிரித்தது. கனி விக்கல் எடுக்கிற அளவுக்குச் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும்ல, செத்துருவேன்" என்றாள், அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். மணி நாலு, ஐந்து, ஐந்தரை. வெயில் ஜெராக்ஸ் மிஷினை விட்டு இறங்கிச் சுவரில் ஏறியது.

"கொக்கு இடுக்குல நிக்கான்" என்றான் மகுதூம். "அவன் விலகுனாத்தான் செம்பருந்து போவ முடியும்."

"வழி விடுல" என்றாள் கனி.

"இரு. நண்டுகிட்ட இன்னும் பேசி முடிக்கல."

"நண்டு பேசாதுல."

"இது பேசும்." அவன் நண்டாகப் பேச வாயைத் திறந்தான். எந்தக் குரலும் வரவில்லை. திரும்பத் திறந்தான். வந்தது அந்த வாக்கியம்தான்.

"கனி, அந்தப் பத்து நாளும் நான்தான் குடுத்தேன். ரெண்டு நாளு நீ சொன்ன. எட்டு நாளு நானாக் குடுத்தேன். மூணு நாளு வராதவுகளைப் பாக்க நர்ஸம்மா வந்துச்சு. வேம்பு வீட்டுக்குப் போச்சு. உன் வீட்டுக்கு வரல. லிஸ்ட்டுல நீ வந்திருந்த."

கீழே கடையில் யாரோ ஐந்து பிரதி கேட்டார்கள், யாரும் எழுந்து போகவில்லை. வேம்பு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கனி நெற்றியைத் துடைத்தாள்.

"அப்ப நான் லீவே போடலியா?"

"இல்ல."

"சாகுத அன்னைக்குமா வந்தேன்?"

"முத பீரியடு வந்த."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று பின்னால் படியில் இருந்த யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் சொன்னது இவ்வளவுதான். "குடுக்கச் சொன்னவ நான். அதுல ரெண்டு நாளு என்னோடது. மிச்சத்தை நீ வச்சிக்கோ." பிறகு, "இப்ப வெலகு."

"கொக்கு விலகிட்டான்" என்றான் ஜெர்வின்.

ரஞ்சிதம் இதற்குள் தூக்கைத் திறந்து சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்திருந்தாள். ஒரு உருண்டையைப் பிடித்து நீட்டினாள். "ஒரு வாய் வாங்கிட்டு எறிட்டி."

"எறிஞ்சிட்டு வாங்குதேம்மா. இன்னைக்குப் பசிக்கி."

பகடை அவள் கையில் கனத்தோடு உருண்டது, மேஜை நீளத்துக்கும் ஓடி, மகுதூமின் நோட்டில் இடித்து நின்றது. பதினேழு. மகுதூம், வாள் நண்டின் இரண்டு கண்ணுக்கும் நடுவே இறங்கியதென்றும், கடல் அமைதியானதென்றும் சொன்னான். ஒழுங்காகச் சொன்னான், ஒரு சொல் விடாமல். பாயிண்டைக் கூட்டினான், சரிபார்த்தான், சிவப்புப் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டான்.

நாற்காலி காய்ந்திருந்தது.

ரஞ்சிதத்தின் கை உருண்டையோடு அந்த நாற்காலிக்கு நேராக நின்றது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்தார்கள். அப்போதும் கை அங்கேயே இருந்தது, குழம்பு முழங்கைவரை ஒழுகியது. பிறகு, தலையைத் திருப்பாமலே, "ஜெர்வினு" என்றாள்.

"என்னத்தே."

"அவள மாதிரி ஒருக்கா அம்மான்னு சொல்லு."

அவனுக்கு இப்போது அந்தக் குரல் தெரியும், சளிக் குரல் இல்லை, நிஜக் குரல், சற்றுமுன் கேட்டது காதிலேயே இருந்தது, அச்சாக வரும். அவன் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "என்னால ஆவாதத்தே" என்றான்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு கை நகர்ந்து அவன் முகத்துக்கு நேரே வந்தது.

"அப்ப வாயைத் தொற" என்றாள்.

திறந்தான். உருண்டையை ஆழமாக, விரல் பல்லில் படும்படி, வைத்து அழுத்தினாள். காரம் மூக்கில் ஏறியது. மகளுக்கென்றால் முள்ளெடுத்துத்தான் ஊட்டுவாள், தெருவே பார்த்திருக்கிறது. இதில் ஒரு முள் இருந்தது, நீளமானது, அது நாக்கின் நடுவில் குறுக்காகப் போய் நின்றுகொண்டது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அதைத் துப்பவில்லை, விழுங்கவும் தெரியவில்லை, கண்ணில் நீர் வடிய, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.